‘ஒன்றுமில்லை’ என்ற அறிக்கைக்குப் பின்னரும் தீராத தலைச்சுற்று

தலைச்சுற்று என்பது நமது வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவுகளில் நாள்தோறும் கேட்கும் முறைப்பாடுகளுள் ஒன்றாகும். குருதிச்சோகை, இரத்த அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு, நீரிழிவுக்கான மாத்திரையை உட்கொண்டபின் உரிய நேரத்தில் உணவருந்தாமை என அதற்குக் காரணங்கள் பல. காரணம் அகப்பட்டால் பெரும்பாலும் மருந்தும் அகப்படுகின்றது; நோயாளர் சில வாரங்களில் தமது அலுவல்களுக்குத் திரும்பிவிடுகின்றார். நாம் இங்கு பேச முற்படுவது காரணம் அகப்படாதவர்களைப் பற்றியே. மாதக்கணக்காக, சில வேளைகளில் ஆண்டுக்கணக்காகத் தலைச்சுற்றையும் அதனுடன் சேர்ந்த தலை மந்தத்தையும் சுமந்துகொண்டு, ஒவ்வொரு பரிசோதனையிலும் ‘நோர்மல்’ என்ற சொல்லையே பதிலாகப் பெற்று வீடு திரும்பும் இவர்களைப் பற்றி நமது சமூகத்தில் அதிகம் பேசப்படுவதில்லை.

இவர்கள் கடந்துவரும் பாதை ஏறத்தாழ ஒரேவிதமானது. முதலில் இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும். அடுத்துக் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர். அதன் பின்னர் நரம்பியல் நிபுணர். அரச வைத்தியசாலையில் திகதி கிடைப்பதற்குக் காத்திருக்க மனமில்லாதவர்கள் தனியார் வைத்தியசாலையில் ‘சனல்’ செய்து, நகையை அடகு வைத்தேனும் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்துவிடுகின்றனர். அதிலும் ஒன்றுமில்லை. அந்த அறிக்கையைக் கண்டதும் குடும்பத்தினருக்கு ஏற்படும் முதலாவது உணர்வு நிம்மதி. ஓரிரு மாதங்கள் சென்றபின் அந்த நிம்மதி ஐயமாக மாறுகின்றது. ஒன்றுமில்லை என்று நிபுணர்களே கூறிய பின்னரும் எழுந்து சமைக்காத மனைவி, வேலைக்குச் செல்லாத கணவன், புத்தகத்தைத் திறக்காத பிள்ளை என்ற குற்றச்சாட்டு எழுகின்றது. சோம்பல் என்பர் சிலர். நடிப்பு என்பர் வேறு சிலர். கண்ணூறு, செய்வினை என்று ஊர் ஊராக அழைத்துச் செல்வோரும் உளர். நோயைவிட இந்த இரண்டாவது கட்டமே பலரை நொறுங்கச் செய்கின்றது என்பது நமது கணிப்பு.

முதலில் இத்தலைச்சுற்று எத்தகையது என்பதை நோக்குவோம். அறையே சுழலும் வகையான சுற்று அன்று இது. நிற்கும்போது உடல் மெல்ல ஆடுவது போன்ற உணர்வு. நடக்கும்போது பஞ்சு மெத்தையில் கால் பதிப்பது போன்ற தளர்வு. படுத்திருந்தால் ஓரளவு தணியும், எழுந்து நின்றால் கூடும். பேரூந்தின் யன்னலூடாக ஓடும் மரங்களைப் பார்த்தாலும், பல்பொருள் அங்காடியில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட பொருட்களுக்கிடையில் நடந்தாலும், புறக்கோட்டைச் சனநெரிசலில் அகப்பட்டாலும், கைத்தொலைபேசித் திரையை விரலால் வேகமாக நகர்த்தினாலும் அது பெருகும். இதனுடன் சேர்ந்து வருவதே ஆங்கில வழக்கைத் தழுவி ‘மூளை மூட்டம்’ எனப்படும் தலை மந்தம். பேசிக்கொண்டிருக்கையிலேயே சொல் நழுவிப்போகும். ஒரே வரியை மூன்று முறை வாசித்தாலும் பொருள் மனதில் பதியாது. கடைக்குச் சென்று எதை வாங்க வந்தோம் என்று நிற்க நேரிடும். வெளித்தோற்றத்தில் காய்ச்சலில்லை, வீக்கமில்லை, கட்டுப்போட்ட காயமில்லை. எனவே பார்ப்பவருக்கு நம்பிக்கை ஏற்படுவதுமில்லை.

ஸ்கான் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதில் நமது மக்களிடையே தெளிவு போதாது. கட்டி, இரத்தக்கசிவு, அடைப்பு, சிதைவு போன்ற உருவ மாற்றங்களையே அது காட்டும். மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று செய்திகளைப் பரிமாறும் முறையில் ஏற்பட்ட பிசகு அதில் பதிவாவதில்லை. வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் உடைந்த பாகம் எதுவும் தென்படாது. ஆயினும் அலைவரிசை சற்று விலகியிருந்தால் இரைச்சலே கேட்கும். ‘நோர்மல்’ என்ற அறிக்கை மெய்யானதே. அது பாரதூரமான சில நோய்கள் இல்லை என்று கூறுகின்றது. நோயே இல்லை என்று கூறவில்லை.

தலைச்சுற்றின் வரலாற்றில் இத்தகைய குழப்பம் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், திடீரெனச் சுற்றி விழுபவர்களுக்கு மூளையில் இரத்தம் கட்டிக்கொள்வதாக ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பினர். இரத்தத்தை வெளியேற்றுவதே சிகிச்சையாக இருந்தது. 1861இல் பரிஸ் நகரில் செவிப்புலன் அற்றோருக்கான நிறுவனமொன்றில் பணியாற்றிய புரொஸ்பர் மெனியர் என்ற வைத்தியரே, இவர்களுள் பலரின் நோய் மூளையில் அன்றி உட்காதில் உள்ளது என்று எடுத்துரைத்தார். பின்னர் வியன்னாவில் ரொபர்ட் பரனி என்பவர், நோயாளரின் காதைக் குளிர்ந்த நீரினாலும் சுடுநீரினாலும் கழுவும்போது கண்கள் எதிரெதிர்த் திசைகளில் துடிப்பதைக் கவனித்து, உட்காதின் சமநிலை உறுப்பைப் பரிசோதிக்கும் வழியைக் கண்டறிந்தார். அதற்காக 1914ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது, அவர் முதலாம் உலக மகாயுத்தத்தில் ரஷ்யரிடம் கைதியாக இருந்தார் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

ஆனால் காதும் மூளையும் சீராக உள்ளவர்களின் நாட்பட்ட தலைச்சுற்று நெடுங்காலம் உரிய இடமின்றியே அலைந்தது. 1871இல் பேர்லினில் வெஸ்ட்பால் என்ற உளநோய் மருத்துவர், திறந்த வெளிகளைக் கடக்கும்போது தலைச்சுற்றும் அச்சமும் கொள்வோரைப் பற்றி எழுதினார். அன்று முதல் அது பெரும்பாலும் மனப்பயத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டது. 1986இல் ஜேர்மனியைச் சேர்ந்த தோமஸ் பிராண்ட், மரியான் டீட்டெரிச் ஆகிய நரம்பியலாளர்கள் இதனைத் தனியொரு நோய்க்கோவையாக விவரித்தனர். பரனியின் பெயரைத் தாங்கிய சர்வதேச சங்கம் 2017இல் இதற்கான வரைவிலக்கணத்தை வெளியிட்டது. ஆங்கிலத்தில் ‘பி.பி.பி.டி.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதனைத் தமிழில் ‘நீடித்து நிற்கும் புலனுணர்வுத் தலைச்சுற்று’ எனலாம். மூன்று மாதங்கள் அல்லது அதற்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் ஆட்டமோ தள்ளாட்டமோ இருத்தல், நிற்பதாலும் அசைவதாலும் கண்முன் அசையும் காட்சிகளாலும் அது கூடுதல், அன்றாட வாழ்வு பாதிக்கப்படுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் பதினோராவது நோய்ப் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. அப்பட்டியலில் இது உளநோய்களின் அத்தியாயத்தில் அன்றி, காது நோய்களின் அத்தியாயத்திலேயே வைக்கப்பட்டிருக்கின்றது. ‘எல்லாம் மனப்பிரமை’ என்று கூறிவிடுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இந்நோய் எவ்வாறு தோன்றுகின்றது? நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று வழிகளில் மூளைக்குச் செய்தி செல்கின்றது. ஒவ்வொரு காதின் உள்ளும் இருக்கும் மூன்று அரைவட்டக் கால்வாய்களும் இரு சிறு பைகளும் தலையின் அசைவைக் கூறுகின்றன. கண்கள் சுற்றுப்புறத்தைக் கூறுகின்றன. பாதங்களும் மூட்டுகளும் தரையைக் கூறுகின்றன. இம்மூன்றையும் ஒப்பிட்டு, நமது நினைவுக்கே எட்டாமல் மூளை நம்மை நிறுத்தி வைத்திருக்கின்றது. ஒரு நாள் இந்த ஒழுங்கு குலைகின்றது. உட்காதில் வைரஸ் தொற்று, ஒற்றைத் தலைவலி, மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையிற்பட்ட அடி, கடும் பீதி, மயங்கி விழுதல் என ஏதோவொன்று அதைத் தொடக்கி வைக்கலாம். முப்பது ஆண்டு யுத்தத்தைக் கண்ட மண்ணில், குண்டுவெடிப்பின் அதிர்வும் தலைக்காயமும் உட்காதைத் தாக்கக்கூடியவை என்பதையும் மறந்துவிடலாகாது.

வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் பனங்குற்றியில் நடப்பவரை எண்ணிப் பாருங்கள். உடலை விறைப்பாக்கி, கண்ணைக் காலடியில் ஊன்றி, ஒவ்வொரு அடியையும் எண்ணி வைக்கின்றார். அந்த வேளையில் அது அவசியமான எச்சரிக்கை. மறுகரையை அடைந்ததும் அவர் கைவீசி நடக்கத் தொடங்குவார். தொடக்க நோய் தணிந்த பின்னரும் இந்நோயாளரின் மூளை மறுகரையை அடைந்துவிட்டதை ஏற்பதில்லை. சமதரையிலும் குற்றியில் நடப்பது போலவே அது உடலை இறுக்கி வைத்திருக்கின்றது. காதின் செய்தியைக் குறைத்துக் கண்ணின் செய்தியையே பெரிதும் நம்புகின்றது. ஆகவேதான் கண்முன் அசையும் எதுவும் அவரை ஆட்டுகின்றது. பலநாள் படகுகளில் ஆழ்கடலுக்குச் சென்று கரையேறும் நமது மீனவர்களுக்கு, ஓரிரு நாட்கள் தரையே அசைவது போலிருப்பது பழக்கமான அனுபவம். கடலுக்குப் பழகிய மூளை தரைக்குத் திரும்பச் சற்று அவகாசம் எடுக்கின்றது. சிலருக்கு அந்த அவகாசம் மாதக்கணக்கில் நீண்டுவிடுவதும் மருத்துவ உலகம் அறிந்ததே.

தலை மந்தத்தின் காரணமும் இதிலேயே பெரிதும் அடங்கியுள்ளது. தானாக நடைபெற வேண்டிய காரியத்தை மூளை நாள் முழுவதும் கவனமெடுத்துச் செய்துகொண்டிருக்கின்றது. கவனம் எல்லையற்ற பண்டமன்று. நிற்பதற்கே அதில் பெரும்பகுதி செலவாகிவிட்டால் வாசிப்பதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் எஞ்சுவது சிறிதே. உறக்கக் குறைவும், அடுத்து எப்போது சுற்றுமோ என்ற ஏக்கமும் அந்தச் சிறிதையும் உறிஞ்சிவிடுகின்றன.

இவ்வளவும் கூறுவதனால், காரணம் புரியாத தலைச்சுற்று எல்லாம் இந்த ஒரே நோய்தான் என்று கொள்ளலாகாது. எளிதில் தவறவிடப்படும் வேறு சிலவும் உள்ளன. அவற்றுள் முதன்மையானது உட்காதில் இருக்கும் கல்சியம் காபனேற்றுத் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் கால்வாயினுள் விழுவதாகும். படுக்கையில் புரளும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும், குனிந்து நிமிரும்போதும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான கடும் சுழற்சி ஏற்படுவது இதன் அடையாளம். தொழுகையில் ருகூவு, ஸுஜூது நிலைகளிலிருந்து எழும்போதும், கோயிலில் விழுந்து வணங்கி எழும்போதும் சுற்றுவதாகப் பலர் கூறுவதுண்டு. இதனைக் கண்டறிய ஸ்கான் தேவையில்லை. நோயாளரைக் கட்டிலில் அமர்த்தித் தலையைத் திருப்பிச் சட்டெனப் படுக்கவைத்துக் கண்களைப் பார்க்கும் பரிசோதனையை, டிக்ஸ், ஹோல்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்தனர். துகள்களை உரிய இடத்துக்கு உருட்டிவிடும் முறையை வகுத்தவர் அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி. தலையைச் சில கோணங்களில் திருப்புவதனாலேயே தலைச்சுற்று மாறும் என்று அவர் கூறியபோது சக வைத்தியர்கள் நம்ப மறுத்தனர். அவரது முறை 1992இல் வெளியாகி, இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றது. சில நிமிடங்களில் முடியும் இச்சிகிச்சை கிடைக்காமல், பல மாதங்கள் மாத்திரை விழுங்குவோர் இருப்பது வருந்தத்தக்கது. நோயின்போது அமர்ந்து தொழுவதற்கு மார்க்கம் அனுமதிக்கின்றது என்பதை முஸ்லிம் வாசகர்கள் அறிவர். இதனைப் பொறுத்துக்கொண்டு துன்புற வேண்டியதில்லை.

அடுத்தது ஒற்றைத் தலைவலியின் தலைச்சுற்று வடிவம். தலைவலியே இல்லாத வேளையிலும் ஐந்து நிமிடம் முதல் மூன்று நாட்கள் வரை சுற்று நீடிக்கலாம். வெளிச்சமும் சத்தமும் அப்போது தாங்க முடியாதிருக்கும். மூன்றாவது, எழுந்து நிற்கும்போது இரத்த ஓட்டம் தளர்வது. ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு முறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுமுறையும் இரத்த அழுத்தத்தை அளந்தால், மேல் அளவு இருபது அல்லது கீழ் அளவு பத்து இறங்கியிருப்பது தெரியவரும். அழுத்தம் இறங்காமல், நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு முப்பதுக்கு மேல் உயரும் ஒரு வகையும் உண்டு. அது பெரும்பாலும் இளம்பெண்களிடமே காணப்படுகின்றது. இவர்கள் எம்.ஆர்.ஐ. வரை சென்று வந்த பின்னரும், படுத்தும் நின்றும் அழுத்தத்தை யாரும் அளந்திருக்கமாட்டார்கள் என்பதே விசித்திரம். இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீர் வெளியேறுவதற்கும் மாத்திரை எடுப்போர் நோன்பு காலத்தில் முன்கூட்டியே வைத்தியரிடம் ஆலோசனை பெறவேண்டியதும் இதனாலேயே. மெட்போமின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுக்கும் நீரிழிவு நோயாளருக்கும், முற்றாக மரக்கறி உணவை உண்போருக்கும் விற்றமின் பி12 குறைவு ஏற்பட்டுக் கால்களில் உணர்வு மங்குவதுடன் தள்ளாட்டமும் மறதியும் வரலாம். கொவிட் தொற்றின் பின்னர் நீடிக்கும் களைப்பு, தலை மந்தம் ஆகியவற்றை 2021 ஒக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனம் தனி நிலையாக வரையறுத்தது.

கழுத்தெலும்புத் தேய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுவயதைத் தாண்டியவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் ஏதோவொரு தேய்வு தென்படும். அதைக் கண்டவுடன் தலைச்சுற்றுக்குக் காரணம் கிடைத்துவிட்டதாகக் கருதிக் கழுத்துப்பட்டி அணிவது நமது நாட்டில் பரவலான வழக்கம். பெரும்பாலானோரில் அது தற்செயலாக அகப்பட்ட சாட்சியே அன்றிக் குற்றவாளி அன்று.

அதேவேளை, தாமதிக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. தலைச்சுற்றுடன் திடீரென வாய் கோணுதல், நா குழறுதல், பொருட்கள் இரட்டையாகத் தெரிதல், கை காலில் பலமின்மை, இதுவரை அறியாத கடும் தலையிடி, பிடிமானமின்றி நிற்கவே முடியாமை, நெஞ்சுவலி, நினைவிழத்தல், ஒரு காது திடீரெனக் கேளாது போதல் ஆகியவற்றில் ஏதேனும் காணப்பட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் மூலம் உடனடியாக வைத்தியசாலையை அடைய வேண்டும். அத்தகைய வேளையில் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்தானது.

நாட்பட்ட தலைச்சுற்றை இனங்காணும் பிரதான கருவி நோயாளரின் வாய்மொழியே. அதனாலேயே தமிழ் பேசும் மக்களுக்கு இதில் தனியானதொரு சிரமம் இருக்கின்றது. எமது மொழியில் இவ்வுணர்வுக்குச் சொற்பஞ்சமில்லை. தலைச்சுற்று என்கின்றோம், கிறுதி என்கின்றோம், அந்தரம் என்கின்றோம், மயக்கம் என்கின்றோம். ‘மயக்கம்’ என்று நோயாளர் கூற, நினைவிழந்து விழுந்ததாக வைத்தியர் எழுதிக்கொண்டால் பரிசோதனைகள் யாவும் இதயத்தை நோக்கித் திரும்பிவிடும். தமிழறியாத வைத்தியரின் முன்னால் அரைகுறைச் சிங்களத்தில் ‘கரகெவில்ல’ என்ற ஒற்றைச் சொல்லைக் கூறிவிட்டு, மிகுதியைக் கைச்சைகையால் விளக்க முயலும் தோட்டத் தொழிலாளியின் நிலையை யோசித்துப் பார்க்க வேண்டும். கை முறிந்தால் எக்ஸ்ரே பேசும்; காய்ச்சல் கண்டால் வெப்பமானி பேசும். இந்நோயில் பேசுவதற்கு நோயாளரைத் தவிர வேறெவருமில்லை. அரசகரும மொழியாக அரசியலமைப்பில் எழுதப்பட்ட தமிழ், பெரிய வைத்தியசாலைகளின் நிபுணர் கிளினிக்குகளில் மொழிபெயர்ப்பாளர் வடிவிலேனும் அமர்ந்திருக்க வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது வெறும் உரிமைக் கோஷமன்று. அது நோய் நிர்ணயத்தின் தேவையாகும்.

நோயாளர் தாமாகச் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. எப்படிச் சுற்றுகின்றது என்று வர்ணிக்க முயல்வதைவிட, எவ்வளவு நேரம் நீடிக்கின்றது, எதைச் செய்தால் வருகின்றது, உடன் வேறென்ன தோன்றுகின்றது, முதன்முதலில் எந்நாளில் எந்நிகழ்வுடன் தொடங்கியது என்பவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியில் இரு வாரங்கள் எழுதி எடுத்துச் செல்வது வைத்தியருக்குப் பெரிதும் உதவும். சொற்கள் ஆளுக்காள் மாறும். நேரமும் தூண்டுதலும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பெயர்களும் அக்கொப்பியில் இருக்க வேண்டும். ஆயுர்வேத, யூனானி மருந்துகளையும் மறைக்க வேண்டியதில்லை.

சிகிச்சைக்கு வருவோம். தலைச்சுற்றுக்கெனப் பாமசிகளில் எளிதாகக் கிடைக்கும் புரோகுளோபெரசீன், சினரிசீன் போன்ற மாத்திரைகள், சுழற்சி கடுமையாக உள்ள ஓரிரு நாட்களுக்கு உதவுபவை. மாதக்கணக்கில் அவற்றை உட்கொண்டால் மூளை தன்னைத் திருத்திக்கொள்ளும் வேலை தடைப்படுகின்றது. முதியோரில் கைநடுக்கம், உடல் விறைப்பு ஆகியவற்றையும் அவை உண்டாக்கலாம். பழைய சிட்டையைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்கும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டியது. ஆயினும் நீண்டகாலம் எடுத்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

இந்நோய்க்கு உரிய சிகிச்சை அசைவே. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்தில் கோதோர்ன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் குக்ஸி என்ற வைத்தியரும், தலைக்காயமடைந்தோரையும் உட்காதுச் சத்திரசிகிச்சைக்கு உள்ளானோரையும் படுக்கையில் கிடத்தாமல், தலையையும் கண்ணையும் வேண்டுமென்றே அசைக்கும் பயிற்சிகளில் ஈடுபடுத்தினர். இன்றைய இயன்மருத்துவர்கள் கையாளும் முறைகளுக்கு அதுவே அடிப்படை. நீட்டிய கையின் பெருவிரலில் பார்வையைப் பதித்துத் தலையை மெல்ல இருபுறமும் திருப்புதல், கால்களைச் சேர்த்துச் சுவரருகில் நிற்றல், தலையைத் திருப்பியவாறே நடத்தல் என அவை எளியவை. முதல் நாட்களில் தலைச்சுற்றைச் சற்றுக் கூட்டும். அதைக் கண்டு பயந்து கைவிடுவோரே அதிகம். சிறிது நேரத்தில் அடங்கிவிடும் அளவுக்கே செய்து, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை. நடக்கும்போது எப்போதும் சுவரைப் பிடித்தல், கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டே இருத்தல், சனமுள்ள இடங்களை முற்றாகத் தவிர்த்தல் ஆகியவை ஆறுதலாகத் தோன்றினும், தரை பாதுகாப்பற்றது என்ற மூளையின் தவறான முடிவையே அவை உறுதிப்படுத்துகின்றன.

எனினும் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. கொவிட்டின் பின்னரோ வேறு தொற்றின் பின்னரோ, சிறு வேலை செய்தாலும் மறுநாள் எழும்ப முடியாதவாறு களைப்பு மோசமடைவோர் உளர். அத்தகையோருக்கு ‘இன்னும் கொஞ்சம் செய்’ என்று பயிற்சியை ஏற்றிக்கொண்டு போவது தீங்கிழைக்கும். பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2021இல் நாட்பட்ட களைப்பு நோயாளருக்கு அத்தகைய பயிற்சியைப் பரிந்துரைப்பதைக் கைவிட்டது. தமது சக்தியின் எல்லைக்குள் வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வதே அவர்களுக்குரிய வழி. இருவகையினரையும் பிரித்தறிவது வைத்தியரின் பொறுப்பு.

மனச்சோர்வுக்குப் பயன்படுத்தப்படும் சில மாத்திரைகள் குறைந்த அளவில் இத்தலைச்சுற்றுக்கும் வழங்கப்படுகின்றன. மருந்துப் பெட்டியினுள் இருக்கும் துண்டுப்பிரசுரத்தை வாசித்து, ‘என்னைப் பைத்தியம் என்று எண்ணிவிட்டார்’ என்று அதை எறிந்துவிடுவது பரவலாக நிகழ்வது. இம்மருந்துகள் மூளை அபாயத்தை அளவிடும் கம்பிகளின் இறுக்கத்தைத் தளர்த்துவதற்காகத் தரப்படுபவை. பயன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் செல்லும். முதல் வாரத்தில் குமட்டல் வருகின்றது என்று நிறுத்திவிட்டு மருந்து பலிக்கவில்லை என்பது பொருத்தமற்றது. உளநல ஆலோசனையும் அவ்வாறே. நீண்ட நோய் எவருக்கும் அச்சத்தையும் துயரையும் தரும். அவற்றுக்கு உதவி பெறுவதனால் தலைச்சுற்று பொய்யாகிவிடுவதில்லை.

வீட்டிலுள்ளோரும் வேலைகொள்வோரும் செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. சமையலறையில் ஒரு கதிரை. நீண்ட கணக்கு வேலையை இரு பகுதிகளாகப் பிரித்துச் செய்ய அனுமதி. ஒரே வேளையில் மூன்று பேர் பேசாதிருத்தல். கூறியதை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தல். பரீட்சைக்குத் தோற்றும் மாணவராயின், மந்தம் குறைவாயிருக்கும் காலை வேளையைக் கடினமான பாடத்துக்கு ஒதுக்கலாம். வாகனம் செலுத்துவோரும், கூரையிலோ மரத்திலோ ஏறித் தொழில் புரிவோரும் வைத்தியர் கூறும் வரை அதனைத் தவிர்த்தே ஆகவேண்டும். அன்றாடக் கூலிக்கு உழைப்பவருக்கு இதன் பொருள் அடுப்பு எரியாத நாட்கள் என்பதை நாம் அறிவோம். அத்தகையோரின் குடும்பங்களைப் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் ஊர்ச் சங்கங்களும் கவனத்திற்கொள்ளலாம்; வீல்செயரில் இருப்பவருக்குச் சுரக்கும் இரக்கம், நடமாடும் நோயாளருக்குச் சுரப்பதில்லை.

தேறுதல் சில மாதங்களை எடுக்கின்றது. அது நேர்கோட்டில் வருவதுமில்லை. நல்ல நாட்கள் மூன்றைத் தொடர்ந்து மோசமான நாளொன்று வரும். காய்ச்சலோ, உறக்கமின்மையோ, நீண்ட பேரூந்துப் பயணமோ பழைய ஆட்டத்தைத் திரும்ப அழைத்து வரலாம். அதனால் முன்னேற்றம் யாவும் கரைந்துவிட்டதாகக் கொள்ளத் தேவையில்லை. பயிற்சியை அன்றைய அளவுக்குக் குறைத்துத் தொடர்ந்தால் போதுமானது. சந்தையில் மரக்கறிக்கு விலை பேசிக்கொண்டிருக்கையிலோ, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கையிலோ, கடந்த அரைமணி நேரமாகத் தலையைப் பற்றி நினைக்கவேயில்லை என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றும். தேறுதல் பெரும்பாலும் அவ்வாறே தன்னை அறிவிக்கின்றது.